அம்மனுக்கு விலை ஒட்டிய கடை

என் சட்டை எதுவானாலும் அதில் இரண்டு பாக்கெட் இருக்கும். கடையில் விற்கிற சட்டையில் ஒன்றுதான் வைக்கிறார்கள். அதுவும் ஒரு பேனாவுக்கு மேல் தாங்காது. முப்பது வருஷத்துக்கு மேல் லோரி ஓட்டியவனுக்கு ஒரு பாக்கெட் எப்படிக் காணும்? சரக்குச் சீட்டு இடது பக்கம். மூக்குக் கண்ணாடி, சீப்பு, தைலம் எல்லாம் வலது பக்கம். லோரியை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் கிள்ளானில் ஒரு தையல்காரரிடம் சொல்லி இரண்டு பாக்கெட் வைத்தே தைத்துப் போடுகிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வலது பாக்கெட்டால்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குத் திருடன் பட்டம் வந்தது.

அன்றைக்குக் காலையில் மகனுடைய புதுக்காரை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தோம். உண்மையில் அது பழைய கார். அவனுக்குப் புதுசு, அவ்வளவுதான். பூசாரி நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். மகன் காரை ஏற்றினான். மூன்று நசுங்கின. நான்காவது வழுக்கிக்கொண்டு ஓடி, பக்கத்தில் நின்ற இன்னொருவர் காருக்கடியில் புகுந்துகொண்டது. அவர் காரை எடுக்கும்போது அது நசுங்கியது. “என் திருஷ்டியும் சேர்ந்து போச்சு, தேங்க்யூ அங்கிள்!” என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். காசு செலவழித்தது நாங்கள், திருஷ்டி கழிந்தது அவருக்கு.

பிறகு பூசாரி அம்மன் காலடியில் வைத்த பழம் ஒன்றை எடுத்து, குங்குமம் தடவி, என் கையில் கொடுத்தார்.

“இது வீட்டு சாமி ரூமுக்கு. போற வழியில யார் கையிலயும் குடுத்துராதீங்க. தரையிலயும் வெக்காதீங்க.”

நான் இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வேன். பழத்தை வலது பாக்கெட்டில் வைத்தேன்.

வரும் வழியில் மகன் என்னை சூப்பர்மார்க்கெட் வாசலில் இறக்கிவிட்டான். வீட்டுக்காரி எண்ணெயும் வெந்தயமும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவன் அரை மணி நேரத்தில் வருவதாகச் சொன்னான். அரை மணி நேரம் என்றால் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வரிசையைப் பார்த்து முடிப்பேன். மெதுவாகத்தான் நடப்பேன். எல்லாவற்றையும் பார்ப்பேன். பல் விளக்கும் பசையில் கரி போட்டு விற்கிறார்கள். நாங்கள் எஸ்டேட்டில் கரியில்தான் பல் விளக்கினோம், அப்போது எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சரி, அதை விடுங்கள்.

பழம் விற்கிற பக்கம் ஒரு கூடை நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது. அதைப் பார்த்ததும் என் பழம் ஞாபகம் வந்தது. இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தேன். இருந்தது. நிம்மதி. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா திராட்சைக் கொத்திலிருந்து நான்கு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, புளிப்பு என்று முகத்தைச் சுளித்துவிட்டு நகர்ந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் மூன்றாம் கவுண்டரில் வரிசையில் நின்றபோதுதான் சூப்பர்வைசர் வந்தார். முப்பது வயது இருக்கும், கழுத்தில் அட்டை, கையில் வாக்கிடாக்கி. வாசலில் நின்ற ஜாகாவை, அதாவது காவல்காரரை, கூப்பிட்டு மலாயில் சொன்னார்.

“அந்த இந்தியன் பாக்கெட்டப் பாரு. இவங்க உள்ள வந்தாலே மொதல்ல பாக்கெட்டத்தான் பாக்கணும்.”

காதோடு சொல்லவில்லை. மீன் வெட்டுகிறவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும், இந்த இடத்தில் நிறுத்தி, “சூப்பர்வைசர் என்ன ஆளு?” என்று கேட்பார்கள். மலாய்க்காரரா, சீனரா, நம்மாளா என்று. நான் சொல்வதில்லை. சொன்னால் நீங்கள் அந்த ஆட்களின் பாக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஜாகா நேபாளத்துக்காரர். பாவம், கூச்சத்தோடு வந்து, “பாக்சிக், கொஞ்சம் பாக்கெட்...” என்றார். பாக்சிக் என்றால் மலாயில் பெரியவரைக் கூப்பிடுகிற மரியாதைதான். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். கண்ணாடி. சீப்பு. தைலம். நாலு நம்பர் லாட்டரி டிக்கெட் ஒன்று. அதை வீட்டுக்காரி பார்த்திருந்தால் வேறு கதை. கடைசியில் எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டேன்.

“ஹா!” என்றார் சூப்பர்வைசர்.

ஜாகா பழத்தைக் குனிந்து பார்த்தார். குங்குமத்தைக் கண்டார். உடனே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு விரலால் பழத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நேபாளத்திலும் சாமி சாமிதானே.

“நீ என்ன பண்ற?” என்று கத்தினார் சூப்பர்வைசர்.

“பொஸ், இது கோயில் பழம் பொஸ்.”

“கோயில் பழமா? இங்க எடுத்து சேப்பு சாயம் பூசிட்டான். உனக்குத் தெரியாது, இவங்க எல்லாம் பண்ணுவாங்க.”

எனக்குக் கோபத்துக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தைத் திருட, வீட்டிலிருந்து குங்குமம் கொண்டுவந்து, கடைக்குள் ஒளிந்து நின்று பூசுகிறவன் எவ்வளவு பெரிய மடையனாக இருக்க வேண்டும்! திருடன் என்றதைக்கூடத் தாங்கலாம்.

பழத்தைக் கொடு என்றார். யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் தராசில் வை என்றார். தராசு தரை இல்லையே, வைக்கலாம் என்று கணக்குப் போட்டு நானே வைத்தேன். தராசு கிர்ர் என்று ஒரு சீட்டைத் துப்பியது. அறுபது காசு. அதைக் கிழித்துக் குங்குமத்தின் மேலேயே ஒட்டினார்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு தம்பி, “அங்கிள், அறுபது காசுதானே லா, கட்டிட்டுப் போங்க, என் ஐஸ்கிரீம் உருகுது” என்றார். அவருக்கு முன்னால் நின்ற ஒரு நர்ஸ் பெண் அவர் பக்கம் திரும்பினாள். “ஏன் கட்டணும்? நீங்க கட்டுவீங்களா? உருகட்டும்!” என்றாள். அவர் ஐஸ்கிரீமைப் பார்த்துக்கொண்டார்.

நான் கட்டவில்லை. சாமி பழத்தை விலைக்கு வாங்கினால் அது வெறும் பழமாகிவிடும். நானும் வெறும் திருடனாகிவிடுவேன். அசையாமல் நின்றேன். மெதுவாக நடக்கிறவனுக்கு நிற்பது பெரிய வேலையில்லை. ஐந்து நிமிஷம் போனது. வரிசை அரிசிப் பக்கம் வரை நீண்டுவிட்டது. கடைசியில் சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார்.

“சரி பாக்சிக். இந்த தடவ விட்டுர்றேன். போங்க.”

இந்தத் தடவை. அந்த இரண்டு வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாய் நின்றது. செய்யாத திருட்டுக்கு எனக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். நான்காம் கவுண்டரில் என் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். என் மகளுடைய மாமியார். வாய் திறந்தால் எதிரில் நிற்கிறவர் ஊரை மாற்றிக்கொண்டு போகவேண்டும், அப்படிப்பட்டவர். பஜனைக் குழுவுக்குத் தலைவி வேறு. என் கண்ணைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போச்சு என்று நினைத்தேன். முப்பது வருஷம் லோரியில் ஒரு பிஸ்கெட் டின்கூடக் குறையாமல் இறக்கியவன். என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்?

வீட்டுக்கு வந்தேன். எண்ணெய் வாங்கவில்லை, வெந்தயமும் வாங்கவில்லை. வீட்டுக்காரி சாமி ரூமில் பழத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க இது, அம்மாளுக்கே வெல போட்டுட்டானா?”

சீட்டை உரித்துப் பார்த்தாள். சீட்டோடு குங்குமமும் வந்தது. அதனால் மறுபடியும் சீட்டை ஒட்டிவிட்டாள்.

அந்த நர்ஸ் பெண் கோலாலம்பூரில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாளாம். கவுண்டர் பெண்ணுக்கு என்னைத் தெரியும், கடையில் புள்ளி சேர்க்கிற கார்டில் என் போன் நம்பரும் இருந்ததால் மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். வாருங்கள், பேசுவோம் என்றார். போனேன். மாடியில் ஒரு அறை, ஏர்கோன், பிஸ்கெட். தலைமை அலுவலகத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வெள்ளிக்குச் சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்கிற வவுச்சரை மேசையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

“அங்கிளுக்கு மனசு நொந்திருந்தா, நாங்க வருந்துறோம்.”

“நொந்திருந்தாவா? நான் அங்கதான் இருந்தேன் பொஸ். நொந்துச்சு.”

“அந்த சூப்பர்வைசர வேலையிலேருந்து எடுத்துர்றோம்.”

“எடுத்துட்டா யார் வந்து சொல்றது?”

“என்ன சொல்றது?”

“நான் திருடலன்னு. அதே மூணாம் கவுண்டர்ல. சனிக்கிழமை மத்தியானம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

டை கட்டியவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பிஸ்கெட்டைப் பார்த்தார். அப்படிச் செய்ய எஸ்ஓபி இல்லை என்றார்கள். எஸ்ஓபி என்றால் என்ன என்று கேட்டேன். இன்னது நடந்தால் இன்னது செய்யவேண்டும் என்று எழுதி வைத்த தாளாம்.

எனக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத் தவுக்கே ஒருவர் ஞாபகம் வந்தார். தவுக்கே என்றால் சீன முதலாளி, மளிகைக் கடை வைத்திருந்தார். நான் லோரியில் சாமான் இறக்குகிற காலம். ஒரு நாள் ஒரு சார்டின் மீன் டின் குறைந்துவிட்டது. கடைக்கு முன்னால் நடைபாதையில் நின்று, தெருவே கேட்க என்னைத் திருடன் என்று கத்தினார். மறுநாள் காலையில் நான் லோரியை விட்டு இறங்குவதற்குள் ஓடி வந்தார். நேற்று நின்ற அதே இடத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறினார். அவருக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்: “இவன் நல்லவன்! சார்டின் அரிசி டின் அடியில இருக்கு! நான்தான் மடையன்!” எதிர்க்கடையில் பூக்கட்டுகிறவர்கள் கைதட்டினார்கள். பெட்டி உடைந்து தவுக்கே விழுந்தார். நான்தான் தூக்கிவிட்டேன். அவரிடம் எந்தத் தாளும் இல்லை. கத்திய வாய், கத்திய இடம், கத்திய சத்தம், மூன்றும் அளவு மாறாமல் திரும்பி வந்தன.

இதை நான் அவர்களிடம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரமானது. நடுவில் டீ வந்தது. டை கட்டியவர், யோசித்துச் சொல்கிறோம் என்றார். நான் வவுச்சரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தேன். பிஸ்கெட் இரண்டு எடுத்துக்கொண்டேன். கேட்டுத்தான் எடுத்தேன்.

அவர்கள் யோசித்தது என்ன தெரியுமா? அடுத்த வாரம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். குரலில் அழுகை. “பாக்சிக், கொஞ்சம் வாங்க, ஒரு பிரச்சினை.” போய்ப் பார்த்தால் கடை வாசலில் ஒரு கூட்டம், அத்தனையும் நம்மவர்கள், ஒருவர்கூட உள்ளே போகவில்லை. இந்திய வாடிக்கையாளர்களுக்கு மரியாதை செய்யவேண்டும் என்று மேனேஜர் நினைத்திருக்கிறார். அதுவரை சரி. எங்கேயோ ஒரு புதுக்கடைத் திறப்பில் பார்த்த ஞாபகத்தில், எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவுக்கு நேரே வைத்துவிட்டார். ஒன்றிரண்டு இல்லை, ஒரு டஜன்.

திருஷ்டி கழித்த பழத்தை நம்மவர்கள் யாராவது தாண்டுவார்களா? ஒரு அக்கா வெறும் வண்டியைப் பிடித்தபடி நின்று, “யார் வீட்டுத் திருஷ்டியோ, நான் ஏன் வாங்கிட்டுப் போகணும்?” என்றார். இந்தியர்களை வரவேற்க வைத்த பழம் இந்தியர்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. மற்றவர்கள் ஜோராக மிதித்துக்கொண்டு போனார்கள். பாதிப் பழம் ஒன்று உருண்டு கதவு வழியில் கிடந்ததால், கதவு மூட வரும், பழத்தைப் பார்க்கும், பயந்துபோய்த் திறக்கும். மறுபடி மூட வரும். ஏர்கோன் காற்றெல்லாம் ரோட்டுக்கு.

“நீங்க எடுங்க பாக்சிக்.”

“நானா? ஐயோ, நான் தொடமாட்டேன்.”

ஜாகா ஏற்கெனவே கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடிவிட்டார். கூட்டிப் பெருக்குகிற அம்மா விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கடைசியில் அந்தச் சூப்பர்வைசர்தான் வந்தார். ஏழாம் வரிசையிலிருந்து, கோழி சுடுகிற நீட்டு இடுக்கி ஒன்றை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். கதவு அவர் முதுகில் இரண்டு முறை இடித்தது. நான் மற்றவர்களோடு நின்று பார்த்தேன். சிரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

கூட்டம் உள்ளே போனதும் மேனேஜர் களைத்துப்போய் என்னைப் பார்த்தார். “பாக்சிக், சரி. மூணாம் கவுண்டர். சனிக்கிழமை.”

அதற்கும் ஒரு தாள் தயார் செய்தார்கள். ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று இருந்தது. கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால்தான் சிரமம் என்றேன். அந்த வரியை அடித்தார்கள். ‘ஒரு தவறான புரிதல்’ என்று எழுதினார்கள். நான் ஒன்றையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை என்றேன். அதையும் அடித்தார்கள். பத்து நிமிஷத்தில் தாள் முழுக்க அடித்தாகிவிட்டது. நான் சூப்பர்வைசரிடம், “தம்பி, என்ன செஞ்சீங்களோ அத சொல்லுங்க. அவ்வளவுதான்” என்றேன்.

இனி சம்பந்தியம்மாவை வரவழைக்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் யார் கேட்டு என்ன பயன்? போன் போட்டு, சனிக்கிழமை மூன்று மணிக்கு எண்ணெய் மலிவு என்றேன். ஒருவர் வருவார் என்று பார்த்தால், பஜனைக் குழு வேனில் ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எண்ணெய் மலிவெல்லாம் இல்லை. ஏழு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். எப்படியோ சமாளித்து மூன்றாம் கவுண்டர் வரிசையில் நிறுத்தினேன்.

சூப்பர்வைசர் மைக்கை எடுத்தார். கூரை ஒலிபெருக்கியில் ஓடிய கோழித் தொடை மலிவுப் பாட்டு பாதியில் நின்றது. மலாயில் பேசினார்.

“ரெண்டு வாரத்துக்கு முன்னால, இதே கவுண்டர்ல, இந்தப் பாக்சிக் பாக்கெட்டப் பாக்கச் சொன்னேன். அவரு ஒண்ணும் எடுக்கல. அவரு இந்தியருன்னுதான் பாக்கச் சொன்னேன். வேற காரணம் இல்ல. என் தப்பு. பாக்சிக், மன்னிச்சுக்குங்க.”

மீன் வெட்டுகிறவர்கூட கத்தியை நிறுத்தினார். என் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. ஏர்கோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். “சரி தம்பி” என்றேன். அவர் மைக்கை மேசையில் வைத்தார். அணைக்கவில்லை. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

நான் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினேன். “கேட்டீங்களா சம்பந்தியம்மா? நான் எடுக்கல.”

“ஐயய்யே! இதுக்கா வரச் சொன்னீங்க?” அவர் குரல் கூரையிலிருந்து வந்தது. “நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? திருடறதுக்கு ஒரு வேகம் வேணும் சம்பந்தி! நீங்க நடக்கற நடைக்கு, அந்தப் பழமே காத்திருந்து சலிச்சுப்போய் உங்க பாக்கெட்ல ஏறுனாத்தான் உண்டு!”

மாவுப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சோப்புப் பக்கம் இன்னும் இரண்டு பேர். தமிழ் தெரிந்தவர்கள் எந்தெந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கடைக்குத் தெரிந்தது. சூப்பர்வைசர், என்ன சொன்னார் என்று கேட்டார். ஏழு பேரில் ஒருவர் மலாயில் சொன்னார். சூப்பர்வைசர் சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சிரித்தார்.

“அப்ப ஏன் அன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தினார். மைக் தாழ்த்தவில்லை. “நீங்க கூசிப்போயிருவீங்கன்னுதான். நான் பாக்காத மாதிரி சோப்பு உறையப் படிச்சிக்கிட்டு நின்னேன். என் மகன்கிட்டகூட சொல்லல. யாருக்குமே தெரியாது சம்பந்தி. இப்ப நீங்கதான் மைக் வெச்சு கிள்ளானுக்கே சொல்லிட்டீங்க.”

மேனேஜர் ஓடிவந்து மைக்கை அணைத்தார்.

யாருக்குமே தெரியாதாம். இரண்டு வாரமாக நான் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன், பார்க்கிறவர்கள் கீழே எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். இருந்தாலும் வருத்தமில்லை. மறுபடி நடந்தாலும் அதே இடத்தில், அதே சத்தத்தில்தான் கேட்பேன்.

அவர்கள் வேனிலேயே எனக்கும் இடம் கொடுத்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் ஏழு பேரும் ஒரே குரலில், “அங்கிள், என்னதான் நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க” என்றார்கள். மொதல்லேருந்து என்றால் கோயிலிலிருந்துதானே சொல்லவேண்டும். சொன்னேன். வேன் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் இன்னும் கடைக்குள் நுழையவில்லை. சம்பந்தியம்மா டிரைவரிடம், இஞ்சினை அணைத்துவிடச் சொன்னார்.